நூறாவது டைவ்

"டைவ் எண் 100. ஞாயிறு. இறங்கியது காலை 9.40, மேலே வந்தது 10.30. அதிக ஆழம் பதினாறு மீட்டர். தண்ணீர் கலங்கல்; நாலு மீட்டருக்கு மேல் தெரியவில்லை. முந்தைய டைவுக்குப் பின் இடைவேளை ஒரு மணி பத்து நிமிடம். பார்த்தவை: ஒரு திருக்கை, பார்ப்பாறையில் சிக்கிய கிழிந்த வலை, பேர் தெரியாத மஞ்சள் மீன்கள். வாழ்த்துகள்!"

இது என் தோழியின் டைவ் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு. கடலில் இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். மேலே வந்த பிறகு ஒருவர் பதிவேட்டில் மற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு எழுதுவதில் சோம்பல் என்பதால், மூன்று வருடங்களாக இருவருடைய பதிவேட்டையும் நானே எழுதினேன். கடைசியில் உள்ள ஆச்சரியக்குறியும் நான் போட்டதுதான். என் பழைய நோட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். வேறெங்கும் அப்படி ஒரு குறி இல்லை.

குறிப்பில் தேதியும் உண்டு. அதை இங்கே எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். மாசி மாதம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த டைவ் நடந்திருக்க வேண்டியதில்லை. அது நடந்ததால் அவளால் அன்றிரவு விமானம் ஏற முடியவில்லை. மறுநாள் காலை புனேயில் அவள் அப்பா இறந்தார்.

விமானத்துக்கும் டைவுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியாட்கள் கேட்பார்கள். கடலுக்கடியில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கிவிடும். மேலே வந்த பின் அது மெல்ல மெல்ல வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறினால், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், குமிழ்களாக மாறி மூட்டில் நிற்கலாம், முதுகுத்தண்டில் நிற்கலாம். ஒரு டைவ் மட்டும் என்றால் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பறக்கலாம். அதே நாளில் இரண்டாவதும் போனால் பதினெட்டு. பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அன்று படகில் நான்கு பேர் இருந்தோம். தோழிக்கு என் தங்கை வயது. நெல்லித்தோப்பில் வீடு, அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் மாஸ்டர். படகோட்டி தேங்காய்த்திட்டில் பிறந்து வளர்ந்தவர், எங்கள் மூவரையும்விட அதிகமாகக் கடல் பார்த்தவர். நான் நான்காவது. காலை ஆறரைக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து கிளம்பினோம். முதல் டைவ் 7.40க்கு, 8.30க்கு மேலே வந்தோம்.

இரண்டு டைவுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது படகில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பதிவேட்டில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான்: எத்தனை நிமிடம் என்று எழுதினால் போதும். அந்த எழுபது நிமிடத்தில் என்ன பேசினோம் என்பதை அன்று நான் எழுதவில்லை. அந்த வாரக் கடைசியில் உட்கார்ந்து, நினைவிலிருந்ததை எல்லாம் எழுதி வைத்தேன். கீழே உள்ளது அதுதான்.

தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். தோழி தண்ணீர் புகாத பையிலிருந்து போனை எடுத்தாள். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் சிக்னல் கிடையாது. போட்டோ காட்டத்தான் எடுத்தாள். சனிக்கிழமைகளில் ஊசுடு ஏரிக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பது அவள் வழக்கம்.

"பாருங்க மாஸ்டர், நேத்து சாயங்காலம் எடுத்தது."

"என்ன பறவை இது, அக்கா? கோழிக்குஞ்சு கணக்கா இருக்கு."

"முக்குளிப்பான். முதுகு மேல பாருங்க, குஞ்சு ரெண்டு ஏறிக்கினு இருக்கு."

படகோட்டி எட்டிப் பார்த்தார். "அட, நம்ம ஆளு! சிலிண்டரு இல்லாம முழுவுது, மாஸ்டரு கிட்ட சர்ட்டிபிகேட்டும் வாங்கல."

"முதுவுல புள்ளைய வச்சிக்கிட்டே முங்குமா?" என்றார் மாஸ்டர்.

"பருந்து வந்தா அப்படியே முங்கிடும்னு எங்கப்பா சொல்லுவாரு. நான் பாத்ததில்ல."

அவள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு பல வேலைகள் பார்த்து, மனைவி இறந்த பின் புனேயில் மூத்த மகனோடு இருக்கப் போனார். அங்கே அவருக்குப் பேச ஆள் இல்லை. அவள் வாரா வாரம் ஏரிப் படங்களை அனுப்புவாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பறவையின் பேரைச் சொல்லி, கூடவே ஏதாவது ஒரு குறையும் சொல்லி, குரல் பதிவு அனுப்புவார். கூழைக்கடாவின் கால் தெரியவில்லை, நாமக்கோழியின் நெற்றி வெளுத்துப்போயிருக்கிறது என்கிற மாதிரி. சிலவற்றை எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"இதுக்கு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் வரல. அண்ணி போன சார்ஜ்ல போட மறந்திருப்பாங்க."

பேச்சு வேறு பக்கம் போனது. மாஸ்டர் அந்தமானில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், தூரத்தில் போகிற ஆமையை இருந்த இடத்திலிருந்தே கும்பிடலாம் என்று ஆரம்பித்தார்.

"இங்க மட்டும் இன்னாவாம்?" என்றார் படகோட்டி.

"இங்க கைய நீட்டுனா அஞ்சு விரலும் இருக்கான்னு எண்ணிப் பாக்கணும், அண்ணாச்சி."

"கலங்கல்ல தான்யா மீனு இருக்கும். கண்ணாடித் தண்ணில வெள்ளக்காரன் தான் இருப்பான்."

தோழி சிரித்துப் புரையேறிவிட்டாள். படகோட்டிக்கு அது போதவில்லை. "இவரு பேசறத கேளு தங்கச்சி. வந்தியளா, போனியளா, சொல்லுதேன், கேக்குதேன்... வாத்தியாரு பாட்டு சொல்லித்தர மாதிரி கீது."

"நீங்க மட்டும்? கீது, இஸ்துகினு, வந்துகினு. படகு எஞ்சின் திக்குத மாதிரியே பேசுதீய. நான் வந்த புதுசுல ஒருத்தர், 'அவுரு சொல்தா வூட்டு ஆளு'ன்னாரு. எந்தச் சுல்தான்னு கேட்டுட்டேன்."

"பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குனவங்க மாஸ்டர்," என்றாள் தோழி. "எங்க தெருவுல ஒரு சொல்தா வீடு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை அங்கேந்து ரொட்டி வாசனை வரும். 'நீயும் பட்டாளத்துக்குப் போயிருக்கலாமில்ல'ன்னு எங்கம்மா அப்பாவ கேப்பாங்க. 'போயிருந்தா உனக்கு விதவைப் பென்ஷன் வந்திருக்கும்'பாரு எங்கப்பா."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்போது மணி ஒன்பது பத்து இருக்கும்.

அவளுக்கு லட்சத்தீவு போக ஆசை. நூறு டைவ் முடித்துவிட்டுப் போகலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று காலை முடித்தது தொண்ணூற்றொன்பது.

"அப்ப இன்னைக்கே முடிச்சிடு," என்றேன்.

"இன்னைக்கு வேணாம்ணா. நேத்து ஏரில வெயில்ல நின்னது, கண்ணு எரியுது. ஒண்ணு போதும். நீங்களும் மாஸ்டரும் போய்ட்டு வாங்க."

அங்கே நான் விட்டிருக்கலாம். முடியாது என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்கக் கூடாது என்பது டைவர்கள் நடுவில் உள்ள வழக்கம். நான் காரணம் கேட்கவில்லை. ஆனால் சொன்னேன்: "தொண்ணூத்தொன்பதுல நிறுத்தினா நோட்டே நல்லா இருக்காது. அடுத்த ஞாயிறு கடல் எப்படி இருக்குமோ."

"அக்கா செஞ்சுரி அடிக்காம அண்ணாச்சி விடமாட்டாவ," என்றார் மாஸ்டர், என்னைக் காட்டி.

"போய்ட்டு வந்துடு தங்கச்சி," என்றார் படகோட்டி. "நோட்டுல நூறு எழுதற வரிக்கும் சாருக்கு சோறு எறங்காது."

அவள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். சிலிண்டரை நான்தான் தூக்கிக்கொடுத்தேன்.

கீழே, பாரின் ஓரத்தில், என்னிடம் இருந்த எழுதுபலகையில் 100 என்று எழிதிக் காட்டினேன் என்று என் குறிப்பில் இருக்கிறது. அவசரத்தில் 'எழுதி' என்பதைக்கூடத் தப்பாக எழுதியிருக்கிறேன். அவள் தண்ணீருக்குள்ளேயே குனிந்து வணங்கினாள். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. கேமரா காட்டும் நேரம் 10.11.

கரை நெருங்கும்போது சிக்னல் வந்தது. அவள் போன் அதிர ஆரம்பித்து நிற்கவே இல்லை. அண்ணனிடமிருந்து வந்த அழைப்புகள் எத்தனை மணிக்கு வந்தன என்று வரிசையாகக் குறுஞ்செய்திகள். முதல் அழைப்பு 8.15க்கு, நாங்கள் முதல் டைவில் இருந்தபோது. நான்கு அழைப்புகள் இடைவேளையில். போன் அவள் கையில்தான் இருந்தது.

அப்பாவுக்குச் சனிக்கிழமை இரவே பக்கவாதம். விடியட்டும், தங்கையைப் பயமுறுத்த வேண்டாம் என்று அண்ணன் காத்திருந்திருக்கிறார். காலையில் டாக்டர், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறார்.

தேங்காய்த்திட்டில் இறங்கியபோது மீன் ஏலம் முடியும் நேரம். ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே அவள் போனில் விமானம் தேடினாள். சென்னையிலிருந்து இரவு ஒன்பதரைக்கு ஒன்று, அடுத்தது காலை ஆறு மணிக்கு.

"ஒம்பதரைக்குப் போட்டுடறேன்," என்றாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். அவளுக்கே நினைவு வந்துவிட்டது.

"ஒண்ணோட நிறுத்தியிருந்தா போயிருக்கலாமில்ல, அண்ணா?"

"ராத்திரி எட்டரை மணிக்கு மேல போயிருக்கலாம்," என்றேன்.

கேட்டதும் சொல்லிவிட்டேன். கணக்கு சரிதான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், தெரியவில்லை என்றிருக்கலாம், மாஸ்டர் பக்கம் திரும்பியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் போறேன்."

"அக்கா, கேளுங்க." மாஸ்டர் அவள் முன்னால் வந்து நின்றார். "அந்தமான்ல ஒருத்தன் இப்படித்தான் சொல்லிட்டுப் போனான். இப்பவும் வலது கால இழுத்துத்தான் நடக்கான். நூறு பேர் போனா தொண்ணூறு பேருக்கு மேல ஒண்ணும் ஆகாதுதான். ஆனா உங்கள நான் ஏத்தி விடமாட்டேன்."

ரயிலில் போனாலும் காலை விமானத்துக்குப் பிறகுதான் போய்ச் சேர முடியும். காரும் அப்படித்தான், அதிலும் வழி மேட்டுநிலம், உயரம் ஏறினாலும் காற்றழுத்தம் குறையும். நான் மணிக்கணக்கை மனதில் போட்டுக்கொண்டே இருந்தேன். எப்படிப் போட்டாலும் மாறவில்லை.

கவிழ்த்து வைத்திருந்த மீன் கூடை ஒன்றின் மேல் அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கால் நகத்திலிருந்த மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அவளைச் சுற்றி நின்றோம். கடைசியில் படகோட்டிதான் பேசினார்.

"தங்கச்சி, அண்ணனுக்கு போனு போடு. அப்பா காதுல வெக்கச் சொல்லு. நீ பேசு."

அண்ணன் ஆஸ்பத்திரியில் யாரையோ கெஞ்சி இரண்டு நிமிடம் அனுமதி வாங்கினார். படகோட்டி ஐஸ் உடைப்பவர்களிடம் போய்ச் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். அவர்களும் நிறுத்தினார்கள். அந்தத் துறைமுகம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"அப்பா, நான்தாம்பா. நேத்து ஏரிக்குப் போனேன். கூழைக்கடா ஒண்ணு கூட இல்ல, எல்லாம் வடக்குக் கரைக்குப் போயிடுச்சு போல. முக்குளிப்பான் குட்டி போட்டிருக்கு, அனுப்பியிருக்கேன். குட்டி இல்ல, குஞ்சு. தப்பா சொன்னா திட்டுவீங்கல்ல, திட்டுங்கப்பா. நான் காலையில வந்துடுவேன். காலையில எட்டு எட்டரைக்குள்ள வந்துடுவேன்பா."

அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. நான் தள்ளிப் போய்விட்டேன். அண்ணன் போனை வாங்கி, கண் இமை அசைந்தது என்றாராம்.

திங்கள் காலை 5.10க்கு அவர் இறந்தார். செய்தி வந்தபோது அவள் விமான நிலையத்தில் சோதனை வரிசையில் நின்றிருந்தாள். "அப்பா போயிட்டாரு அண்ணா" என்று எனக்கு அனுப்பிய செய்தியில் நேரம் 5.22. நான் அப்போது வீட்டில் சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். பதிலுக்கு, பத்திரமாகப் போய்வா என்று எழுதினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினாள். என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சித்திரையில் மறுபடி கடலுக்கு வந்தாள். ஒரு டைவ் முடிந்ததும் உடைகளைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு, தார்ப்பாய் நிழலில் படுத்துக்கொண்டாள். இரண்டாவதுக்கு யாரும் கூப்பிடவில்லை. படகோட்டி ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். சிரித்தாள். போனை அவள் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இப்போதெல்லாம் இடைவேளையில் நாங்கள் பெரும்பாலும் கரை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னும் ஒன்றை எழுத வேண்டும். ஒன்பதரை விமானத்தில் போயிருந்தால், நள்ளிரவு பன்னிரண்டே காலுக்கெல்லாம் அவள் அப்பாவின் படுக்கை அருகில் இருந்திருப்பாள். அவருக்கு அப்போது நினைவு இருந்ததா என்பதில் வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கே நினைவு தப்பிவிட்டது, அதன் பிறகு திரும்பவில்லை என்கிறார் அண்ணன். இரவு பத்தரைக்குக் கண் திறந்து, அவள் கிளம்பிவிட்டாளா என்று வாய்குழறிக் கேட்டார் என்கிறார் அண்ணி. அண்ணன் சொல்வது சரியென்றால், அந்த இரண்டாவது டைவால் எதுவும் மாறிவிடவில்லை. அண்ணி சொல்வது சரியென்றால் மாறியிருக்கிறது. அண்ணன் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருக்கலாம்; அண்ணி அவளைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருக்கலாம். மருத்துவமனைக் குறிப்பில் மணிவாரியாக எழுதியிருப்பார்கள். அதன் நகல் நெல்லித்தோப்பு வீட்டில் இருக்கிறது. அவள் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு அவருக்கு நினைவு இருந்தது என்பது, நான் இதை எழுதும் இன்றுவரை, சரிபார்க்கப்படாத தகவல்.