ஒன்பதாவது வரி

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன். ஆனா ஒருக்காக் கண்டதை மறக்க மாட்டன். துறைமுகத்தில கப்பலுக்குத் துரு தட்டின காலத்தில எந்தக் கப்பல் எந்தப் பக்கம் நிண்டது எண்டு இப்பவும் சொல்லுவன். துரு தட்டுறது லேசில்லை. பலகையில தொங்கிக்கொண்டு நாள் முழுக்கச் சுத்தியலால தட்டோணும், படுத்தாலும் காதுக்குள்ள அந்தச் சத்தம் நிக்கும். ஒருக்காப் பலகை சரிஞ்சு காலும் நொண்டியாப் போச்சு. சரி, அது வேற கதை.

கால் போனாப் பிறகு துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தனியார் ரெலிபோன் கொம்பனியில காவலுக்குச் சேந்தனான். சண்டை திரும்பத் தொடங்கின காலம். கீழ நாலு கண்ணாடிக் கூடு. வெளிநாட்டுக் கோலுக்குச் சனம் வந்து காத்துக்கொண்டிருக்கும். மேல ஒரு சின்ன அறை, அதுக்குள்ள ஒரு பெட்டி. போடர் கொன்ட்ரோலர் எண்டுவினம். எனக்கு விளங்கினது இப்பிடித்தான்: றோட்டில ஆமி மறிச்சுச் சோதிக்கிற சென்றி மாதிரி, அது குரலுக்கு வைச்ச சென்றி. இங்கத்தைக் குரலும் வெளிக் குரலும் அதுக்குள்ளாலதான் போய்வரோணும். எந்த நம்பருக்குப் போற குரல் எந்த வாசலால போகோணும் எண்டு கையால எழுதி வைக்கோணும். அதுக்குப் பேர் ஸ்ரற்றிக் ரூட். எழுதாட்டி, இல்லாட்டிப் பிழையா எழுதினா, குரல் கண்ட வாசலால போய்த் துலைஞ்சிடும்.

றோட்டு அடைபட்டதால கொழும்பு எஞ்சினியருக்கு வர ஏலாது. அவர் ரெலிபோனில சொல்லச் சொல்ல நான் அடிச்சனான். நம்பர் எனக்குத் தெரியும். இங்கிலிஸ் எழுத்தைக் கொப்பியில படம் மாதிரிக் கீறி, அதே உருவத்தைக் கீபோட்டில தேடித் தேடிக் குத்துவன். மொத்தம் ஒன்பது வரி. கடைசி வரி, வளைகுடாப் பக்கம் எங்கட குரல் போறதுக்கு.

"இது பிழையாப் போனா என்ன நடக்கும் தம்பி?" எண்டு அவரைக் கேட்டன்.

"மணி அடிக்கும். அவன் கதைக்கிறது இங்க கேக்கும். இங்க கதைக்கிறது அங்க போகாது. விளங்கினதோ? ஒரு நாயைப் பழக்கியிருந்தா இவ்வளவுக்கும் அது பழகியிருக்கும், ஐயா."

கரண்ட் போனாப் பெட்டி எல்லாத்தையும் மறந்துபோகும். அந்தக் காலம் கரண்ட் போகாத நாள் எது? காலமை வந்து ஒன்பது வரியையும் திரும்ப அடிப்பன். மாதக்கணக்கா அடிச்சன். அடிச்சதைப் பெட்டிக்குள்ளயே பதிஞ்சு வைக்க ஒரே ஒரு சொல்லு இருக்கெண்டு பிறகு வந்த ஒருத்தர் காட்டித் தந்தவர். அந்த எஞ்சினியருக்கு அது தெரியாமலோ? கிழடு கிடந்து அடிக்கட்டும் எண்டு விட்டிட்டான்.

திரியாய்ப் பக்கத்தால இடம்பெயர்ந்து வந்து ரவுணில வாடகைக்கு இருந்த பிள்ளை ஒண்டு, வெள்ளிக்கிழமையில ரெண்டு மணிக்கு வருவா. கையில ஆறு வயது மகள். புருசன் கட்டாரில, அந்த நேரம் அங்கயிருந்து எடுப்பார். ஆரோ அவருக்குக் கடிதம் போட்டிட்டினம், உன்ர பெண்சாதி ஓட்டோக்காரன் ஒருத்தனோட திரியிறா எண்டு. மகளுக்குக் காய்ச்சல் எண்டு அந்த ஓட்டோவில ஆசுபத்திரிக்குப் போனவ, அவ்வளவுதான். "வாற வெள்ளி கேப்பன், ஓம் எண்டோ இல்லை எண்டோ நேர சொல்லு" எண்டு அவர் போன தரம் பாதியில வைச்சிட்டார். இது கதிரையில குந்தியிருக்கிற பெண்டுகளுக்கெல்லாம் தெரியும். அந்த வெள்ளி அவ வரேக்க ஒருத்தி கேக்கிறா, "சாறி புதுசு போல கிடக்கு. ஓட்டோவிலயோ வந்தனீங்கள்?" மற்றவையள் சிரிச்சினம். அவ மகளின்ர தலையைத் தடவிக்கொண்டு இருந்தா.

அண்டைக்குக் காலமை சுற்றிவளைப்பு. சென்றியில ஆமிக்காரர் என்ர பையைக் கொட்டினாங்கள். கொப்பியைக் கண்டிட்டான் ஒருத்தன். பக்கம் முழுக்க நம்பரும் புள்ளியும்.

"என்ன இது? ஆருக்குக் குடுக்கிறது?"

"ரெலிபோன் மெசினுக்கு ஐயா."

கன்னத்தில ஒண்டு விழுந்துது. "இந்த மூஞ்சைக்கு மெசினாம்" எண்டு மற்றவனுக்குச் சொல்லிச் சிரிச்சு, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் பொக்கெற்றுக்குள்ள வைச்சிட்டான். மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வெயிலில குந்த வைச்சிருந்தாங்கள்.

நான் வந்து சேர ஒண்டரை. கரண்ட் போய் வந்திருக்கு, பெட்டி வெறுமை. கொழும்புக்கு எடுத்துக் கேட்டிருக்கலாம். அந்த நாய்க்கதையைத் திரும்பக் கேக்க எனக்கு மனமில்லை. மண்டைக்குள்ள கிடக்குத்தானே எண்டு நினைவில அடிச்சன். ஒன்பதாவது வரியில பதினேழோ எழுபத்தொண்டோ எண்டு கை ஒருக்கா நிண்டது. எழுபத்தொண்டை அடிச்சிட்டுக் கீழ வந்தன்.

ரெண்டு மணிக்கு மணி அடிச்சுது. அவ கூட்டுக்குள்ள போய் எடுத்தா. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிண்டா. பிறகு கத்தத் தொடங்கிட்டா.

"இல்லையப்பா! பிள்ளையாணை இல்லை! ஹலோ, நான் சொல்லுறன்தானே, இல்லை!"

கண்ணாடிக்கு வெளிய நிண்ட எங்கள் எல்லாருக்கும் கேட்டுது. கேக்க வேண்டிய ஒருத்தனுக்குத்தான் கேக்கேல்லை.

எனக்கு உடன விளங்கிட்டுது. காலை இழுத்துக்கொண்டு மேல ஏறினன். பிழையை அழிக்க ஒரு வரி, திரும்ப அடிக்க ஒரு வரி. ஒவ்வொரு எழுத்தாத் தேடிக் குத்திப்போட்டு இறங்கி வாறன், அவ ரிசீவரைப் பிடிச்சபடி நிக்கிறா. அவர் வைச்சிட்டார். அவர் எடுக்கிறது அங்க வேலைக்காரர் எல்லாருக்கும் பொதுவான போன், திரும்ப எடுக்க நம்பர் இல்லை.

"ஐயா, நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும்தானே?"

கேக்கேல்லை எண்டு சொல்லியிருந்தா, அவ ஒரு கடிதமாவது போட்டிருப்பா. ஆனா ஏன் கேக்கேல்லை எண்ட கதை மேல போகும், என்ர வேலையும் போகும்.

"ஓம் பிள்ளை, கேட்டிருக்கும்" எண்டன்.

"கேட்டும் வைச்சிட்டார்" எண்டா. ரிசீவரை வைச்சிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனா. அடுத்த கூட்டில இன்னொருத்தி தன்ர புருசனோட நல்லாக் கதைச்சுச் சிரிச்சுக்கொண்டிருந்தா. திருத்தின வரி சரியாத்தான் வேலை செய்தது.

மூண்டு வெள்ளி வந்து காத்திருந்திட்டுப் போனா. நாலாம் வெள்ளி அவவின்ர மாமி, புருசனைப் பெத்தவ, அங்கயே வந்திட்டா. அவ்வளவு சனத்துக்கு நடுவில நிண்டு சொல்லுறா:

"மூண்டு தரம் கேட்டவனாம். லைன் வெட்டுப்படேல்லையாம், எடுத்துவைச்சுக்கொண்டு ஊமை மாதிரி நிண்டவளாம். களவு செய்யாதவள் வாய் திறக்க மாட்டாளோ? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிப்போட்டான்."

"நான் சொன்னனான் மாமி! இந்த ஐயாவைக் கேளுங்கோ. அவருக்குக் கேட்டதெண்டு இவர்தான் சொன்னவர்."

கிழவி என்னட்டத் திரும்பினா. "உண்மையோ? மெசினில ஏதும் பிழை இருந்ததோ?"

சனம் முழுக்க என்னைப் பாக்குது. அந்தப் பிள்ளையும் பாக்குது.

"எனக்கு மெசினைப் பற்றி என்னம்மா தெரியும்? நான் படிக்காதவன், கூட்டித் துடைக்கிறவன்" எண்டன்.

கிழவி சின்னப் பிள்ளையின்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு பஸ் ஸ்ராண்ட் பக்கம் போனா. தாய் பின்னால ஓடினா. எனக்குப் பசிச்சுது. மேல போய்ச் சோத்துப் பார்சலை அவிட்டன்.