ஷேக்கருக்கு ஈயம் பூசின கதை

காலையில் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் வந்தேன். கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

நான் வேலை பார்க்கும் துரைமார் கிளப் பாரில் இருப்பது ஒரே ஒரு ஷேக்கர். ஜின், எலுமிச்சைச் சாறு, ஐஸ் எல்லாம் போட்டுக் குலுக்குகிற பித்தளைப் பாத்திரம். உள்ளே களிம்பு ஏறியதால் சிந்தாதிரிப்பேட்டையில் ஈயம் பூசுகிறவர் ஒருவரிடம் கொடுத்திருந்தேன்.

இன்று திரும்ப வாங்கும்போது பளபளவென்றுதான் இருந்தது. மேல் மூடியைக் கழற்றினேன். அதன் அடியில் வடிகட்டும் கண்கள் இருக்க வேண்டும். அத்தனையையும் ஈயத்தால் அடைத்து வைத்திருந்தார்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே?"

"பூரா ஓட்டையா இருந்துது நைனா. நீ சொல்ல மறந்துட்டே போலன்னு நானே அடைச்சுட்டேன். இனிமே ஒரு சொட்டு ஒழுகாது."

"ஒழுகறதுக்குத்தான்யா அந்த ஓட்டையே."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓட்டைப் பாத்திரத்திலயா துரைக்கு ஊத்திக் குடுத்துக்கினு இருந்தே?"

உருக்கி எடுக்கச் சொன்னேன். நல்ல வேலையைத் தன் கையால் கெடுக்க மாட்டாராம்.

சாயங்காலம் சமையற்கட்டு டீ வடிகட்டியில் வடித்துக் கொடுத்தேன். ஜின்னில் டீ வாசனை அடிக்கிறதென்று துரை கத்தினார். அதுவும் என் தலையில்தான் விடிந்தது.

மயிலாப்பூர்ப் பக்கம், ஓட்டையை ஓட்டையாகவே விடத் தெரிந்த ஈயம் பூசுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.