பழைய போன்களைக் கைவிட்ட வருடம்

அக்காவின் கை வெந்துபோய்விட்டது என்று மாமா போனில் சொன்னபோது, அடுப்பா, வெந்நீரா என்றுதான் கேட்டேன். மாமா என்றால் அக்காவின் கணவர்.

"ரெண்டும் இல்ல. போன் வெடிச்சிருச்சு. பதறாத. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வாறோம். நீ அங்க வந்துரு."

பதுளை நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் அறை எடுத்துத் தங்கி, கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நாங்கள் பிறந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இன்னும் குடியிருக்கிறாள்.

சம்பள வேலை போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. தமிழ் எழுத்துகள் போன் திரையில் உடையாமல் வரச் செய்யும் சிறு லைப்ரரி ஒன்றைப் பராமரிக்கிறேன். இது புத்தகம் உள்ள லைப்ரரி இல்லை. செயலி எழுதுகிறவர்கள் தங்கள் செயலிக்குள் எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஆயத்த நிரல். பஸ் நேரம் காட்டும் செயலி, பாலர் பாடசாலைச் செயலி என்று சில இடங்களில் ஓடுகிறது. என்னோடு சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்பவர் திருச்சிக்காரர். நேரில் சந்தித்ததில்லை.

எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை பழைய போன்களைப் பற்றியது. அவற்றில் 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிய்ந்து நிற்கும். அதை ஒட்டவைக்கவே தனியாக ஒரு பெரிய நிரல் வைத்திருந்தோம். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் ஏதாவது ஒன்றை மாற்றினால் அந்தப் பழைய பகுதி உடையும். அதைத் திருத்துவதற்குள் வாரக்கணக்கில் போய்விடும்.

"ஏங்க, யாருக்காக இதைத் தூக்கிச் சுமக்கிறோம்?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"எங்க அக்காவுக்காக," என்றேன். "தோட்டத்துல எல்லார்ட்டயும் இந்த மாதிரி போன்தான் இருக்கு."

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா என்று சொன்ன பிறகு யார்தான் எடுப்பார்கள்.

நான் த்ரீவீலில் போய் இறங்கியபோது அக்கா வெளிநோயாளர் பகுதியில், வலது கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அழவில்லை.

"உன் போன் வெடிச்சிருச்சு பாப்பா," என்றாள்.

"என் போனா? என் போன் இந்தா இருக்கே."

"அந்தப் பழசு. நீ வந்தா எடுத்துப் பாப்பியே, அது."

அது அவளுடைய போன். ஒவ்வொரு முறை தோட்டத்துக்குப் போகும்போதும் அதை வாங்கி, புதிய பதிப்பைப் போட்டு, எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று பார்ப்பேன். அக்காவின் போனில் ஓடினால் தோட்டத்தில் எங்கும் ஓடும் என்பது என் கணக்கு.

"அது உன் போன் தானே அக்கா?"

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தன் சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்துக் காட்டினார். புத்தம் புதுசு. "இதுதான் அக்கா போன். மக வாங்கிக் குடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"ஏன் சொல்லல?"

"நீ வந்த ஒடனே அதத்தான் கேப்ப. அக்கா போன் எங்க, அக்கா போன் எங்கன்னு. ஒன் வேலைக்கு வேணும்னு நெனச்சேன். போன தடவ நீ வந்துட்டுப் போன பொறகு பேட்டரி வீங்கி மூடி நிக்கல, ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தேன். ஹாலிஎல கடையில வேற பேட்டரி ஒண்ணு போட்டுக் குடுத்தான். நாளைக்கு ஞாயித்துக்கெழம, நீ வருவேன்னு சார்ஜ் போட்டேன்."

போன் கட்டிலில் இருந்திருக்கிறது. புகை வந்ததும், மெத்தையில் தீப்பிடித்துவிடும் என்று அப்படியே கையால் பிடுங்கி வாசலுக்கு வீசியிருக்கிறாள். எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நான் ஒரு எழுத்தின் கொம்பைப் பார்ப்பதற்காக அந்தப் போன் அங்கே சார்ஜில் கிடந்திருக்கிறது.

மருந்து கட்டியதும் அவர்களோடு நானும் தோட்டத்துக்குப் போனேன். கட்டில் விரிப்பில் கருகிய ஓட்டை. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காக்களிடம் அவரவர் போனைக் காட்டச் சொன்னேன். நலம் விசாரிக்க வந்தவர்களிடம் இப்படிக் கேட்கிறாளே என்று மாமா முறைத்தார். ஒருவரிடம்கூடப் பழைய போன் இல்லை. ஒரு அக்கா என் போனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்கடதுதான் தங்கச்சி கொஞ்சம் பழசு," என்றார். சிரிக்க முடியவில்லை. எந்த மக்களின் பெயரைச் சொல்லி இத்தனை காலம் வாதாடினேனோ, அவர்கள் என்னைக் கடந்து போய் வெகுநாளாகியிருந்தது. நானோ லயத்தை விட்டுப் போன வருடத்திலேயே அவர்களை நிறுத்தி வைத்திருந்தேன்.

அங்கிருந்தே திருச்சிக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னைக்கே எடுத்துரலாம்," என்றேன்.

"கை எப்படிங்க இருக்கு இப்போ?" என்று அதை முதலில் கேட்டார். பிறகு, "பொறுங்க. அக்காகிட்ட இல்லைங்கிறதால யார்கிட்டயும் இல்லைன்னு ஆயிடாது. கேட்டுப் பார்ப்போம்," என்றார். யாருக்காகச் சுமக்கிறோம் என்று முதலில் கேட்டவர் அவர்தான். இப்போது அவரே நிறுத்துகிறார்.

லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கெல்லாம் எழுதினோம். பெரும்பாலானோர் எடுத்துவிடுங்கள் என்றார்கள். லுணுகலையில் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் மட்டும், யாரோ கொடுத்த பழைய டெப்லட்டுகளில்தான் பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று எழுதினார். அப்படி ஒருவர் இவ்வளவு பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. கடைசியில் புதிய பதிப்பில் பழைய போன்களுக்கான பகுதியை எடுத்துவிடுவது, பழைய பதிப்பை அப்படியே வைத்து ஆபத்தான பிழை வந்தால் மட்டும் இன்னும் ஒரு வருடம் திருத்துவது என்று முடிவெடுத்தோம். ஆசிரியையிடம் நானே பேசி, அக்காவுக்கு நடந்ததையும் சொன்னேன். "அதுக்குள்ள வேற பாத்துக்கிறோம் மிஸ். பெட்டரி வீங்கியிருக்கான்னும் பாத்துடுறேன்," என்றார்.

அழிக்கும்போது பயமாக இருந்தது. நிரலில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சம் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

அக்காவின் உள்ளங்கையில் தோல் இறுகிவிட்டது. இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. பல வாரங்கள் கழித்துத் திரும்பவும் கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

"இப்ப எதுல பாப்ப, எழுத்து சரியா வருதான்னு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கம்ப்யூட்டருக்குள்ளயே பழைய போன் மாதிரி ஒண்ண ஓட்டிப் பாக்கலாம் அக்கா."

"அது முந்தியே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டாள். அப்புறம் எழுந்து, இடது கையால் தேநீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.