பத்துமணிப் பூவும் பக்கத்து வீட்டுச் சுதாவும்

பத்துமணித் தண்டு விற்கிற தொழிலில் இருக்கிற பெரிய சங்கடம், இன்றைக்கு வாங்கிக்கொண்டு போகிறவர் இரண்டு மாதத்தில் நமக்கே போட்டியாக உட்கார்ந்துவிடுவார் என்பதுதான். புடவை விற்கிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. வாங்கிய புடவை பீரோவுக்குள் குட்டி போடுவதில்லை. பத்துமணியில் விரல் நீளத்துக்கு ஒரு தண்டைக் கிள்ளி மண்ணில் குத்தினால் போதும். அது தொட்டியை நிறைத்து, விளிம்பு தாண்டித் தொங்கி, தெருவுக்கே தண்டு கொடுக்கத் தயாராகிவிடும்.

தமிழ்நாட்டில் டேபிள் ரோஸ் என்பார்கள். ஊசி போன்ற சதைப்பற்றுள்ள இலை, குட்டி ரோஜா மாதிரிப் பூ. காலையில் பத்து மணி வாக்கில் விரியும், மத்தியானம் தாண்டினால் சுருங்கிவிடும். திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இதை வளர்த்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறேன். எங்கள் சந்தில் செல்வி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பத்துமணி அக்கா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட எங்கள் கேட்டைக் காட்டும். அதாவது, காட்டிக்கொண்டிருந்தது. நீங்களும் ஆசை ஆசையாய் எதையாவது வளர்த்து, நாலு பேருக்குக் கொடுத்து, அதனால் தூக்கம் கெட்டவர்கள் என்றால் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

மாமியாருக்குப் பூத்த செடி

வங்கியில் வேலை பார்க்கிற ப்ரீதா என்னிடம் செடி வாங்கிப் போனவர், ஒருநாள் தொட்டியோடு திரும்பி வந்தார். அழுகிப்போயிருக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். செடி கொழுகொழுவென்று மொட்டு தள்ளி நின்றது. இதற்கென்ன குறை என்று கேட்டேன். வேலைக்குக் கிளம்பும்போது எல்லாம் மொட்டாக இருக்கிறதாம், திரும்பி வரும்போது எல்லாம் வாடிக் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமே என்றேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த ஊரில் மேகம் போட்டுவிடுகிறது என்றார்.

அதுகூடப் பெரிதில்லை. செடியை விரலால்கூடத் தொடாத மாமியார், தினமும் சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள், இன்றைக்கு எத்தனை பூ, என்னென்ன நிறம், எந்தப் பூவில் தேனீ வந்து உட்கார்ந்தது என்று வர்ணிக்க ஆரம்பித்துவிடுகிறாராம். ப்ரீதா தொட்டியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி ஊத்துறது நான், பூ பாக்கறது அம்மா. இது சரியாவில்ல சேச்சி. நான் வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் விரியுற செடி ஏதாவது தாங்க, அம்மா அப்போ சீரியல் பாத்துட்டிருப்பாங்க."

ஓட்டை பக்கெட்

சுதா எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். அவள் வீட்டுக்காரருக்குத் தம்பானூர் ரயில் நிலையத்தில் வேலை. வந்த வாரமே சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அக்கா, எனக்கு ரெண்டு தண்டு கிடைக்குமா?" என்று கேட்டாள். அக்கம்பக்கமாயிற்றே என்று என்னிடம் இருந்த எல்லா நிறத்திலும் கிள்ளிக் கொடுத்தேன், சும்மாவே கொடுத்தேன். விலைக்கு வாங்குகிறவர்களுக்குச் சொல்கிற பாடத்தையும் விடாமல் சொன்னேன். மணல் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, வெயில் இல்லாத இடத்தில் வைத்தால் பூவை மறந்துவிட வேண்டியதுதான். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். அடுத்த நாள் பார்த்தால் அத்தனை தண்டையும் அடியில் கீறல் விட்ட ஒரு பழைய நீலப் பக்கெட்டில் நெருக்கி நட்டு வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான் என் செடிகளுக்குக் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, புளிக்கவைத்து, வடிகட்டி ஊற்றினேன். இலை தழைத்தது, பூவைக் காணோம். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை இறங்கியபோது தூக்கத்தில் எழுந்து ஓடிப் பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன். அப்படியும் பாதித் தொட்டி அழுகிவிட்டது. சுதாவின் பக்கெட்டில் விழுந்த மழையெல்லாம் அந்தக் கீறல் வழியாக வடிந்துபோய், மழை விட்ட வாரமே மஞ்சளும் சிவப்புமாகப் பூ சுவருக்கு மேலே வந்து என்னை எட்டிப் பார்த்தது. என்ன உரம் போட்டாய் என்று கேட்டபோது என் குரல் எனக்கே நன்றாக இல்லை. அவள் சொன்னாள்: "நான் ஒண்ணுமே செய்யலக்கா. ஊருக்குப் போன அவசரத்துல இத மறந்தே போயிட்டேன், கேட்டீங்களா. வந்து பாத்தா இப்படி நிக்குது."

காய்ந்த துணி

அதிலிருந்து தினமும் பத்தரை மணிக்கு எனக்கு மாடியில் துணி எடுக்கிற வேலை வந்துவிட்டது. எங்கள் கொடிக் கயிற்றின் ஒரு முனையில் நின்றால் சுதா வீட்டு மாடி முழுசாகத் தெரியும். ஒரு பெட்ஷீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மடிக்கிற பாவனையில் அவள் பூவை எண்ணுவேன். பிறகு என் பூவை எண்ணுவேன். பிறகு, மனசு கேட்காமல், அவள் பூவை இன்னொரு தரம் எண்ணுவேன். முதல் எண்ணிக்கை தப்பாக இருக்கக்கூடும் அல்லவா.

என் வீட்டுக்காரர் கிழக்கேகோட்டையில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார். பூர்வீகம் நாஞ்சில் நாடு. அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. ஒரு விடுமுறை நாளில் என்னைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்தவர், நான் நின்ற நிலையைப் பார்த்தார், காலியான கொடியைப் பார்த்தார், என் கையில் நாலாக மடித்து மறுபடியும் விரித்த பெட்ஷீட்டைப் பார்த்தார். "துணியெல்லாம் அப்பவே உள்ள வந்தாச்சு. நீ எப்போ வரப்போறே?"

கல்லாற்றுப் பீச் நிறம்

ஒருநாள் பொன்முடி மலைக்குப் போகும் வழியில் கல்லாறில் டீ குடிக்க நிறுத்தினோம். ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு சின்னக் கடை. கூரை ஓரத்தில் பழைய எண்ணெய் டின்களைத் தொங்கவிட்டு அதில் பத்துமணி வைத்திருந்தார்கள். அடுக்கடுக்கான இதழ், பீச் நிறம், நடுவில் லேசாக ஒரு சிவப்பு. இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை காலத்தில் நான் பார்க்காத நிறம். சுதாவிடம் இல்லாத நிறம் என்பதுதான் முதலில் தோன்றியது, அழகு என்பது அப்புறம்தான் தோன்றியது.

கேட்டால் கடைக்கார அம்மா கொடுத்திருப்பார். ஆனால் திருடி வைத்த செடிதான் நன்றாகப் பிடிக்கும் என்று எங்கள் செடிக்காரர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண்கள்கூட அதைச் சாக்காக வைத்துக் கை நீட்டிவிடுவோம். என் வீட்டுக்காரர் ஆற்றைப் பார்த்துத் திரும்பிய நேரம் ஒரு தண்டைக் கிள்ளி, ஈரக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன். திரும்பும் வழியெல்லாம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தைவிட சந்தோஷத்தால்தான் அதிகம் அடித்தது. வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது சுதா சுவருக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றாள், கையில் ஒரு காகிதப் பொட்டலம். "அக்கா, நேத்து நாங்க கல்லாறு வரைக்கும் போயிருந்தோம். அங்க டீக்கடை அம்மாகிட்ட ஒரு பீச் கலர் நின்னுது. கேட்டதும் கை நிறைய உடைச்சுத் தந்தாங்க. பாதி உங்களுக்கு."

அடுத்த கேட்

சுதா விற்க ஆரம்பித்ததை நான் தப்பு சொல்லவில்லை. தப்பு சொல்ல முடியாதபடி அவள் விற்றதுதான் தப்பு. பத்து நிறம் கேட்டால் பதினொன்றாக வைத்து அனுப்புவாள். செடி செத்துப்போனது என்று போன் வந்தால், எப்படிச் செத்தது என்று விசாரிக்காமல் வேறு தண்டு கொடுத்துவிடுவாள். நான் முதலில் விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பேன். அந்த விசாரணை சிலருக்குப் பிடிப்பதில்லை என்று பின்னால் தெரிந்தது.

ஒருநாள் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து ஒரு அம்மா வந்தார். எங்கள் கேட்டில் கையை வைத்து, பத்துமணி அக்கா வீடு இதுதானே என்று கேட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நான்தான், வாங்க என்று சிரித்தேன். அவர் என் முகத்தையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார். முன்பெல்லாம் எனக்கே ஆள் கொண்டுவந்து விடுகிற அந்த ஆட்டோக்காரர் வண்டிக்குள் இருந்தபடியே விளக்கம் சொன்னார்: "இது பழைய பத்துமணி அக்காவாக்கும். இப்போ உள்ளது அடுத்த கேட்."

பந்தலுக்குள் முதல் கொக்கி

ஓணத்துக்கு எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தொங்கு தொட்டிப் போட்டி வைத்தார்கள். பரிசு எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. சந்துக்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிற நாள். பத்துமணி அக்கா யார் என்பது அன்றைக்குத் தீர்ந்துவிடும். நான் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பிண்ணாக்கை நிறுத்தினேன், மண்ணை மாற்றினேன், அந்தப் பீச் நிறத்தில் ஒரு தொட்டியை முழம் நீளத்துக்குத் தொங்கவிட்டேன். சங்கத்துச் செயலாளரின் மனைவிக்கு ஒரு கட்டுத் தண்டு கொண்டுபோய்க் கொடுத்து, பந்தலுக்குள் மேடையை ஒட்டிய முதல் கொக்கியைப் பிடித்துவிட்டேன். சுதாவின் தொட்டி வெளியே, கேட்டுப் பக்கம், ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் தொங்கியது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிம்மதியை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற வேளாண்மை அதிகாரி. அவர் வரும்போது மணி பதினொன்று. அந்த நேரத்தில் என் பீச் நிறம் கண்ணைப் பறிக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். எல்லா மொட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. மேலே கனத்த தார்ப்பாய், ஒரு பொட்டு வெயில் உள்ளே விழவில்லை. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் வாய் வலிக்கச் சொல்கிற விஷயம், முதல் கொக்கி ஆசையில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. வெளியே கேட்டுப் பக்கம் வெயில் காய்ந்தது. அங்கிருந்து யாரோ, எத்தனை பூ பாருங்க என்று சொல்வது காதில் விழுந்தது. தொட்டியைக் கழற்றிக்கொண்டு ஓடலாமா என்று நினைப்பதற்குள் நடுவர் என் முன்னால் வந்து நின்றுவிட்டார். நல்ல மனிதர், இலையைத் தடவிப் பார்த்தார். "செடி நல்ல ஆரோக்கியமா இருக்கு. பூ விரிஞ்சா ஒரு போட்டோ அனுப்புங்க, பாக்கறேன்."

கேட்டுப் பக்கம்

முதல் பரிசு சுதாவுக்கு. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இதெல்லாம் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கிள்ளிக் கொடுத்தது, வளர்க்கக் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான் என்று சொல்லி என்னைக் கை காட்டினாள். மொத்தப் பந்தலும் திரும்பிக் கைதட்டியது. எழுந்து நின்று கும்பிட வேண்டியதாயிற்று. அவள் என் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால், வாங்கின இடத்தை மறந்தவள் என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டாவது இருந்திருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாள்.

இருவரும் அவரவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். வெயில் பட்டதும் என் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தன. பார்க்கச் சகிக்கவில்லை. பேசாமல் வருவது நன்றாக இருக்காதே என்று, "பாவம், உனக்கு அந்த ஸ்கூட்டர் நிக்கிற எடத்தப் போயி கொடுத்துட்டாங்க, அப்படியும் ஜெயிச்சுட்டே" என்றேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள். கள்ளமே இல்லாத முகம், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "அது நான் கேட்டு வாங்கின எடமாச்சே. வெயில் இல்லாத எடத்துல வச்சா பூவ மறந்துர வேண்டியதுதான்னு நீங்கதானக்கா சொல்லித் தந்தீங்க. உங்களுக்கும் அங்கேயே ஒரு கொக்கி சொல்லி வச்சிருந்தேன், நீங்கதான் உள்ள போயிட்டீங்க."

ஆக, சக பொறாமைக்காரர்களே, கொடுத்த செடி அழுகினால் வாங்கியவர் நம்மைத் திட்டுவார், அது பூத்துவிட்டால் நமக்குத்தான் வயிறு எரியும், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் தொழில் நடந்துகொண்டிருக்கிறது.