கிழக்குச் சுவரின் ஓட்டை

விழிதியூர் மரியமுத்து முப்பது வருடம் தண்டவாளத்துக்கு ஜல்லி இறுக்கிய கேங்மேன். எண்பதுகளில் பேரளம் ரயில் நின்றுபோன பிறகு, அவர் வேலை பார்த்த சின்ன ஸ்டேஷனைப் பிரித்து, அருங்காட்சியகம் ஒன்றில் அப்படியே எழுப்ப ஒரு குழு கிளம்பியது. செங்கல்லுக்குச் செங்கல் எண் போட அவரைக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் கிழக்குச் சுவருக்கு வந்தார். இடுப்பு உயரத்தில், சுவரை ஊடுருவி ஓர் ஓட்டை. அந்தக் காலத்தில் உள்ளே இருந்து மூங்கில் குழாய் வழியே தண்ணீர் ஊற்றுவார்கள். சேரி ஜனங்கள் வெளியே குனிந்து கையேந்திக் குடிக்க வேண்டும். டிக்கெட் காசில் மட்டும் தீட்டு இல்லை. மரியமுத்துவின் தாய், அவரை வயிற்றில் சுமந்தபோதும் அங்கேதான் குனிந்தாள்.

குழுச் செயலாளர் நீலகண்டன், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பட்டியலில் 'விளக்கு மாடம்' என்று எழுதியிருந்தார்.

"வெளக்கு வச்சா மேல கரி புடிக்கும் சார். இதுல கீழ பாசியில்ல புடிச்சிருக்கு?" என்றார் மரியமுத்து.

"ஒனக்கு எதுக்கு ஆராய்ச்சி? நம்பரப் போடு."

"மாடத்த யாராவது அந்தப் பக்கம் வரைக்கும் தொளைப்பாங்களா? காத்துல வெளக்கு அணைஞ்சிறாது?"

கொத்தனார்கள் சிரித்தார்கள். நீலகண்டன் முகம் கடுத்தது.

"போன கதைய ஏன் கெளர்ற? வர்றவங்க நல்லதப் பாத்துட்டுப் போவட்டும்."

"போன கதைய வைக்கத்தான சார் மியூசியம்?"

ஓட்டையைச் சுற்றியிருந்த பன்னிரண்டு செங்கல்லிலும் எண்ணுக்குக் கீழே 'தண்ணி ஓட்டை' என்று எழுதினார்.

கட்டடம் எழுந்தபின் போய்ப் பார்த்தார். கிழக்குச் சுவர் வழவழவென்று பூசிக் கிடந்தது. ஆயிரக்கணக்கான செங்கல்லில் அந்தப் பன்னிரண்டு மட்டும் வழியில் உடைந்துவிட்டனவாம்.

நீலகண்டன் ஒரு சான்றிதழை நீட்டினார். 'பழையபடியே, மாற்றமின்றி' என்று அச்சடித்திருந்தது. எண் போட்டவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"போடுப்பா. வாட்ச்மேன் வேல ஒனக்குத்தான்னு பேசி வச்சிருக்கேன்."

பென்ஷன் போதாத வீடு. மரியமுத்து பேனாவை வாங்கினார். 'சேரி ஜனங்களுக்குத் தண்ணீர் ஊற்றிய ஓட்டை அடைக்கப்பட்டது. பன்னிரண்டு செங்கல் இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"தாளக் கெடுத்துட்டியே."

"செவுத்தக் கெடுத்தது யாரு சார்?"

வாட்ச்மேன் வேலை வேறொருவருக்குப் போயிற்று. சான்றிதழை மறுபடி அச்சடித்துக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். எண் போட்டவர் என்ற சொல்லுக்கு எதிரே, அதில் இன்றுவரை ஒன்றுமில்லை.