ஏணியின் ஒன்பதாம் படி

அந்தத் தெருவில் அவளைச் சிரிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லாட்ஜ் ஒன்றின் சலவைக் கூடத்தில் நாளெல்லாம் நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். ஆவியில் முகம் வெந்திருக்கும். உதட்டில் மட்டும் சிரிப்பு வாடாது. அதற்குப் பின்னால் எத்தனை அழுகை அடைபட்டுக் கிடந்ததென்று யாருக்குத் தெரியும்?

அவள் புருஷன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவன். ஏணி சறுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண். நகராட்சி நர்சம்மா வாரந்தோறும் வந்து கழுவிக் கட்டுவாள். அந்தக் கைதான் அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

வேலை முடிந்து அவள் உள்ளே நுழைந்ததும், "எப்படிடி இருக்கே?" என்பான்.

"எனக்கென்ன கொறச்சல்?" என்பாள். அதோடு அவன் முகம் தெளிந்துவிடும்.

ஒரு மாலை நகராட்சியிலிருந்து கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். சந்தோஷத்தைக் கணக்கெடுக்கிறார்களாம்!

"உங்க வாழ்க்கையை ஒரு ஏணின்னு வச்சுக்கோங்கக்கா. பத்துப் படி. உச்சியில ரொம்ப சந்தோஷம், அடியில ரொம்பக் கஷ்டம். நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?"

"ஏணியா? எங்க வீட்டுக்கும் ஏணிக்கும் ஆகாதும்மா!"

அந்தப் பெண் சிரித்தாள். அறையின் குறுக்கே ஒரு திரைச்சீலைதான். அதன் பின்னால் கட்டில் முனகுவது சட்டென்று நின்றது. அவன் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறான்! 'ஒன்று' என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. சொன்னால், 'உன்னாலதான் இந்தக் கதி' என்றல்லவா அவன் காதில் விழும்?

"ஒன்பது போட்டுக்கோம்மா," என்றாள். "எனக்கென்ன கொறச்சல்?"

அவனிடமும் கேட்க வேண்டுமென்று அந்தப் பெண் திரையை விலக்கினாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதால் சிரிப்பக்கா குடத்தோடு ஓடினாள்.

சில மாதம் கழித்து நர்சம்மா கண்கலங்கி நின்றாள். "இனிமே நான் வரமாட்டேன்க்கா. சந்தோஷம் கம்மியா இருக்கிற வீட்டுக்குத்தான் இனிமே ஆள் அனுப்புவாங்களாம். உங்க வீடு ரொம்ப சந்தோஷமா இருக்காமே!"

"எவன் சொன்னான்?"

"நீங்கதான் சொன்னீங்களாம்."

சிரிப்பக்காவே கட்டுப் போட்டுப் பார்த்தாள். புண் ஆழமாயிற்று, காய்ச்சல் கண்டது, அறைக்குள் நாற்றம் புகுந்தது. அடித்துப் பிடித்து நகராட்சிக்கு ஓடினாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. "வருமானத்தை மட்டும் பார்த்தா நிஜம் தெரியறதில்லம்மா. அதனாலதான் மனுஷங்க வாயாலயே கேக்கிறோம். நீங்க ஒன்பது, உங்க வீட்டுக்காரர் பத்து. அந்த வட்டாரத்துலயே உங்க வீடுதான் முதல்ல நிக்குது!"

பத்தா? படுக்கையில் அழுகிக்கொண்டிருப்பவன் பத்து என்றானா!

"ரெண்டும் பொய்யிங்க."

"மறுபடி ஆள் அனுப்புறேன். இந்தத் தடவையாவது நிஜத்தைச் சொல்லுங்க."

அதே பெண் வந்தாள். "வாசலுக்குப் போய்ப் பேசுவோமா?" என்றாள் சிரிப்பக்கா மெதுவாக.

"இங்கயே சொல்லு," என்றது உள்ளிருந்து குரல். "எனக்கும் கேக்கணும்."

திரையை விலக்கினாள். காய்ச்சலில் பளபளத்த புருஷனின் கண்களைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு," என்றாள்.

அவன் அந்தப் பெண் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு, "எனக்கு அதுவும் வேணாம்மா. ஏணியில ஏறவே இல்ல, தரையிலயே நிக்கிறான்னு எழுதிக்கோ," என்றான். நிற்க முடியாதவன் சொன்ன அந்த வேடிக்கைக்கு யாரும் சிரிக்கவில்லை.

நர்சம்மா திரும்ப வந்தாள். புண் மெல்லக் காய்ந்தது. உயிர் தங்கியது.

தெருவில் அவள் இன்னும் சிரிப்பக்காதான். ஆனால் மாலையில் அவள் உள்ளே நுழையும்போது அவன் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்பதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் கொஞ்ச நேரம் திரைக்கு இந்தப்பக்கமே நிற்பாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள்.