மூக்கரின் மூச்சு

மூடியைத் திறக்கிறார், இடுப்பை வளைக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுக்கிறார். பிறகுதான் தொட்டி வண்டியில் கவிழும். தெருவோரம் வீட்டுக்கு ஒன்றாக நிற்கும் பச்சைத் தொட்டிகளில் ஒன்றைக்கூட அவர் முகராமல் விட்டதில்லை. காய்கறித் தோல், எலும்பு, முட்டை ஓடு, வெட்டிய புல், சருகு இவையெல்லாம் உரக் கிடங்குக்குப் போகலாம். வேறு ஏதாவது கலந்திருந்தால் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்த வாசலுக்கு நடையைக் கட்டுவார். "இது கெட்ட குப்பை. வீட்டுக்காரங்களே வச்சுக்கட்டும்."

கிடங்கு மேற்பார்வையாளரிலிருந்து வண்டியோட்டிவரை எல்லோருக்கும் அவர் மூக்கர். இலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்த பூச்சிமருந்து டப்பாவை மூடிக்கு மேலிருந்தே கண்டுபிடித்தவர். அட்டையைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரும் வீட்டுக்காரர்களிடம் குரலை உயர்த்தவே மாட்டார். "முந்தாநாள் உங்க வீட்ல மீனு. நேத்து யாரும் அடுப்பு பத்தவைக்கல. நான் சொல்றது சரிதானே?" வந்தவர் தொட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் விருந்து என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதை இன்னொரு வீட்டில் போய்ச் சொன்னதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒடிசலான ஆள். கையுறை வலது கைக்கு மட்டும்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஆரஞ்சுத் தோல் இருக்கும். பத்துத் தொட்டிக்கு ஒருமுறை அதை முகர்ந்துகொள்வார். "மூக்கைக் கழுவிக்கணும்பா, இல்லேன்னா எல்லாம் ஒரே வாடையா அடிக்கும்" என்று வண்டியோட்டிக்குப் பாடம் வேறு நடத்துவார்.

அத்தனையும் இப்போது வெறும் நடிப்பு. போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரின் மூக்குக்கடியில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரமே கரியானது. மாடியிலிருந்து ஓடி வந்த மனைவி, "ஊர்க் குப்பையெல்லாம் மோந்து பாக்கத் தெரியுது, சொந்த வீடு தீயறது தெரியலையா?" என்று பொரிந்து தள்ளினாள். அவளிடம்கூட அவர் சொல்லவில்லை. ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. மூக்கில்லாத மூக்கரை யார் வைத்துக்கொள்வார்கள்?

அதனால் கண்ணை வைத்துச் சமாளித்தார். ஈ மொய்க்கிறதா, தொட்டி அளவுக்கு மீறிக் கனக்கிறதா, வீட்டுக்காரர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கிறாரா. திருட்டு முழி ஒன்று போதும், அட்டை கட்டிவிடுவார். பாதி நாள் அது சரியாகவும் இருந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டின் இரும்புக் கதவு புதுப் பச்சையில் பளபளத்தது. அதைப் பார்த்தார். தொட்டியில் மேலே சருகு இருந்தது. வழக்கம்போல் இழுத்தார், கவிழ்த்தார். அடுத்த தெரு திரும்பும்போதுதான் பெயின்ட் அடித்தவன் தூரிகை கழுவிய தின்னரை எங்கே கொட்டியிருப்பான் என்ற நினைப்பு வந்தது. அதற்குள் எல்லாம் வண்டிக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டது. வண்டியோட்டியிடம் சொல்லாமல் அடுத்த தொட்டியின் மூடியைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை கிடங்கில் ஒரு குவியல் முழுவதும் பாழ் என்று ஒதுக்கினார்கள். அழுகல் வாடைக்கு நடுவே ஏதோ எண்ணெய் நெடி. அங்கே குவியல் புரட்டும் இயந்திரத்தை ஓட்டுகிற பெண்மீது பழி விழுந்தது. டீசல் ஒழுகவிட்டாளாம். "என் மிஷின்ல ஒரு சொட்டுகூட ஒழுகல சார். வெளியிலேருந்துதான் வந்திருக்கு" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். வேலை போனால் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேறு யாரும் கிடையாது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

மேற்பார்வையாளர் ஒரு பிடி உரத்தை அள்ளி மூக்கரிடம் நீட்டினார். "எங்களுக்கெல்லாம் ஏதோ நெடின்னுதான் தெரியுது. டீசலா, வேற ஏதாவதா? நீங்க சொன்னா அதுதான் முடிவு."

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றாள் அவள். அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது. குற்றம் சாட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

உரத்தை வாங்கி முகர்ந்தார். சுவரை முகர்ந்ததுபோல் இருந்தது. டீசல் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான்கு வருடமும் பத்திரம். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தின்னர்" என்றார். "என் வண்டியிலதான் வந்துச்சு."

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "அந்தப் பொண்ணுக்காகப் பழியை நீங்க ஏத்துக்காதீங்க. உங்க மூக்கைத் தாண்டித் தின்னர் வருமா?"

மூக்கர் இயந்திரத்தின் பக்கம் போனார். அவள் கை துடைக்கும் துணி டீசலில் ஊறி, கறுத்து, கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் உருவி எடுத்ததுமே பக்கத்தில் நின்ற வண்டியோட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினான். மூக்கர் துணியை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடியும் இழுத்தார். துணிக்கு மேலே தெரிந்த கண்கள் இமைக்காமல் மேற்பார்வையாளரையே பார்த்துக்கொண்டிருந்தன.